பீகாரைக் காட்டிச் சமாதானம்

தமிழ்நாட்டில் பெண்கள் எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: பீகாரைப் பாருங்கள். அரசியல் மேடையில் கேட்கிறோம், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறோம், கல்லூரிப் பட்டிமன்றத்தில் முதலாமாண்டு மாணவர் வாயிலிருந்தும் கேட்கிறோம். மாலை ஆறரைக்கே விடுதிக் கதவை ஏன் பூட்டுகிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டால், பீகாரில் பெண்பிள்ளைகள் கல்லூரி வாசலையே மிதிப்பதில்லை என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. சீர் போதவில்லை என்று மாமியார் வீட்டில் நெருக்குகிறார்கள் என்றால், அங்கேயெல்லாம் எரித்தே விடுகிறார்கள் என்று ஆறுதல் வருகிறது. கேட்டவள் வாயடைத்துப்போகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டித் தன் பிள்ளையை அடக்கும் அப்பாக்களின் உத்திதான் இது. என்ன, இங்கே குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையைக் காட்டுகிறார்கள்.

அகப்பாடல் நடத்தும்போது வகுப்பில் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். இது யார் கூற்று? யாரிடம் சொல்லப்படுகிறது? இந்த ஒப்பீட்டையும் அப்படி வாசிக்கலாம். பெரும்பாலும் ஆண் கூற்று. சொல்லப்படுவது தமிழ்ப் பெண்ணிடம். பேசப்படுபவள் பீகார்ப் பெண். அவளுக்குக் கூற்றே கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வேறுபாடு பொய்யில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 நிறைவதற்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் பீகாரில் 40.8 சதவீதம். தமிழ்நாட்டில் 12.8. பத்தாண்டுப் பள்ளிப்படிப்பாவது உள்ள பெண்கள் இங்கே 56.6 சதவீதம், அங்கே 28.8. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை இங்கே 18.6, அங்கே 46.8. மாதிரிப் பதிவு முறையின் 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறந்துபோகும் தாய்மார்கள் தமிழ்நாட்டில் 54 பேர், பீகாரில் 118 பேர். இந்த எண்களை வெறும் புள்ளிவிவரம் என்று தள்ளுகிற பெண்ணியம் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெண் பிரசவத்தில் சாகாமல் வீடு திரும்புவதைவிடப் பெரிய வாழ்க்கைத்தரம் எது? இவை வானத்திலிருந்து விழவுமில்லை. சத்துணவு, இட ஒதுக்கீடு, மகப்பேறு உதவித் திட்டம், இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையம், வீடுவீடாக நடந்த கிராமச் செவிலியர் என்று பல பத்தாண்டுகளின் வேலை அது. அந்தச் செவிலியரின் கால்வலி எந்த அட்டவணையிலும் ஏறவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

என் கேள்வி வேறு. இந்த அட்டவணைகள் பெண்ணிடம் எதைக் கேட்கின்றன? எதைக் கேட்காமல் விடுகின்றன?

1980களின் நடுவில் மக்கள்தொகை அறிஞர் ஆஷிஷ் போஸ் பீகார், மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பிமாரு' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். இந்தியில் பிமார் என்றால் நோயாளி. சொல் ஒட்டிக்கொண்டது. மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பிறந்த அந்தச் சொல்லில் நோய் என்று சுட்டப்பட்டது, பெருமளவு அந்த மாநிலப் பெண்கள் அதிகம் பிள்ளை பெற்றதைத்தான். அவள் ஏன் பெற்றாள், பெறாமலிருக்க அவளிடம் என்ன இருந்தது, முதல் இரண்டு பிள்ளைகள் தங்குமா என்ற பயம் அவளுக்கு இருந்ததா என்பதெல்லாம் அந்த நான்கெழுத்துக்குள் அடங்கவில்லை. அன்றிலிருந்து நாம் நலமானவர்கள் ஆனோம். குறைவாகப் பெற்றோம், அதனால் முன்னேறினோம் என்று பாராட்டப்பட்டோம். ஐந்தாம் சுற்றின்படி ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0.

அந்த 1.8 எப்படி வந்தது? இதே ஆய்வின் இன்னொரு வரியைப் பார்த்தால் தெரியும். தமிழ்நாட்டில் மணவாழ்வில் இருக்கும் பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டான் என்று சொன்னவர்கள் 0.1 சதவீதம். நூற்றில் பத்திலொரு பங்கு. ஆண்களுக்கான அறுவை எளிது, சீக்கிரம் முடிவது, பக்கவிளைவு குறைவு என்று எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். சுவரைப் படித்துவிட்டு ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்காருகிறார்கள். நாம் கொண்டாடும் தமிழ்நாட்டு மக்கள்தொகை வெற்றி, இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்தே முடித்துவிடப்பட்ட பெண்களின் வயிற்றில் நடந்தது.

பெரியார் கருத்தடைக்காக வாதாடியபோது இந்த இடத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டார். 1942இல் நூலாக வந்த 'பெண் ஏன் அடிமையானாள்?'இல் கர்ப்பத்தடை பற்றிய அத்தியாயத்தில், மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கருத்தடை கேட்கிறார்கள், தாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று கோடு கிழித்துக் காட்டுகிறார். பின்னால் வந்த அரசுகள் கருத்தடையை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டை அழித்துவிட்டன. காரணம் பெண்ணின் விடுதலை என்று இருந்திருந்தால், நாட்டுக்குத் தேவை மாறும்போது அவளுடைய முடிவு மாறவேண்டியதில்லை.

இப்போது தேவை மாறிவிட்டது. 1976இன் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்திவைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும் நீட்டித்தது. தடை நீங்கினால், குறைவாகப் பெற்ற தெற்கின் பங்கு சுருங்கும். இந்த அச்சம் நியாயமானது. சொன்னபடி நடந்துகொண்டதற்குத் தண்டனை கொடுப்பதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் அச்சத்துக்கு என்ன மருந்து சொல்லப்பட்டது? 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு மக்கள் கூடுதலாகப் பிள்ளை பெறவேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் நடந்த திருமண விழாவொன்றில் அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்ற பழைய வாழ்த்தை நினைவுகூர்ந்து, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்ற நிலை வந்துவிட்டதென்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் பொறுத்துப் பெறுங்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் சொன்னார். பாதி நையாண்டி, பாதி எச்சரிக்கை, எனக்குப் புரிகிறது. தில்லிக்குச் சொன்ன சேதிதான். ஆனால் தில்லிக்கான சேதியை எழுத மணமேடையில் நிற்கும் பெண்ணின் வயிறுதானா கிடைத்தது? மண்டபத்தில் சிரித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருக்கு இருபத்தைந்து வயதிலேயே அறுவை முடிந்திருக்கும்!

இந்த இடத்தில்தான் பீகார்ப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஒருத்தி அதிகம் பெற்றதால் நாட்டைப் பின்னுக்கு இழுத்தவள். இன்னொருத்தி குறைவாகப் பெற்றதால் மாநிலத்தின் இடங்களைக் குறைத்தவள். இருவரில் யாரிடமும் எத்தனை வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

மருத்துவமனைப் பிரசவமும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 99.6 சதவீதம், பீகாரில் 76.2. நல்லது. ஆனால் அதே பக்கத்தில் அறுவைப் பிரசவம் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. பீகாரில் மொத்தம் 9.7. அங்கே தேவைப்படும் ஏழைப் பெண்ணுக்குக் கத்தி கிடைப்பதில்லை, இங்கே தேவையில்லாதவளுக்கும் கத்தி காத்திருக்கிறது. முதல் எண்ணை மேடையில் வாசிக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சில்லை.

தெற்கின் பெண் ஏன் மேல் என்பதற்கு அறிஞர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். இராவதி கார்வே 1953இல் இந்திய உறவுமுறை பற்றிய நூலில் வடக்கு, தெற்கு மணமுறைகளை வேறுபடுத்திக் காட்டினார். 1983இல் டிம் டைசனும் மிக் மூரும் அந்த வேறுபாட்டின்மேல் தங்கள் புகழ்பெற்ற கட்டுரையைக் கட்டினார்கள். வடக்கில் பெண்ணை முன்பின் அறியாத தூரத்து ஊருக்குக் கொடுக்கிறார்கள், அவள் தனித்துப்போகிறாள். தெற்கில் அத்தை மகனுக்கோ தாய்மாமனுக்கோ கொடுக்கிறார்கள், பிறந்தவீடு பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அவளுக்குத் தன்னுரிமை கூடுதல் என்பது வாதம். நாற்பதாண்டுகளாகப் பெண்கல்வி முதல் குழந்தை இறப்புவரை எல்லாவற்றையும் விளக்க இது மேற்கோளாகிறது.

இதில் உண்மையின் ஒரு பாதி இருக்கிறது. அடி வாங்கிய இரவில் ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் பக்கத்து ஊரில் இருப்பது பெரிய விஷயம். மறுபாதியை நம் ஊர் முறைப்பெண்களிடம் கேட்கவேண்டும். மாமியாராக வந்தவள் அத்தை என்பதால் புகாரை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவள் தன் அண்ணன் குடும்பத்தைப் பகைத்துக்கொள்ளவேண்டும். ஐந்தாம் சுற்றில் உறவுக்குள் மணம் முடித்த பெண்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம், நாட்டிலேயே அதிகம். உறவு என்ற இனிய சொல்லுக்குள் சாதி இருக்கிறது. சொத்து வெளியே போகாமல், இரத்தம் கலக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலியில் பிறந்தவீடும் புகுந்தவீடும் இரு பக்கத்துக் கம்பங்கள். அந்த வேலியைத் தாண்டியவர்களுக்கு நேர்ந்ததை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் பார்த்தோம். வெட்டியவர்களை அனுப்பிய வழக்கில் நின்றது பெண்ணின் பிறந்தவீடு. தன்னுரிமைக்குச் சான்றாக டைசனும் மூரும் காட்டிய அதே பக்கத்து வாசல்.

வீட்டுக்குள் வந்துவிட்டதால் இன்னொரு எண்ணையும் சொல்லவேண்டும். என் பார்வையில் மொத்த ஒப்பீட்டிலும் முக்கியமானது இதுதான். கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்த பெண்கள் பீகாரில் 40.0 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1. தலைக்கு வருமானத்தில் நாம் பீகாரைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. பள்ளிப்படிப்பில் இரு மடங்கு. இத்தனை தூரம் நடந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்தால் வித்தியாசம் இரண்டு புள்ளி. உத்தரப்பிரதேசம் 34.8, நம்மைவிடக் குறைவு. படித்த பெண்கள் வாய்திறந்து சொல்கிறார்கள், அங்கே மறைக்கிறார்கள் என்று இதற்கு விளக்கம் தருவார்கள். இருக்கலாம். நமக்குச் சாதகமான எண் வரும்போது மட்டும் இந்த விளக்கம் யாருக்கும் தோன்றுவதில்லை என்பதையும் கவனியுங்கள். கணவன் அடிப்பதில் நியாயம் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட பெண்கள் தெலங்கானாவில் 83.8 சதவீதம், இமாசலப்பிரதேசத்தில் 14.8. தெற்கு, வடக்கு என்று பென்சிலால் போட்ட கோடு இங்கே அழிந்துபோகிறது.

கிடைக்கிற ஓய்வு எவ்வளவு, கையில் சொந்தமாக இருப்பது எது என்ற கேள்விகள் ஒப்பீட்டுப் பட்டியல்களில் கடைசியில்கூட வருவதில்லை. 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், இந்தியப் பெண்கள் வீட்டுவேலைக்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணிநேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. கிரைண்டரும் மிக்ஸியும் வந்தபிறகு நம் வேலை குறைந்துவிட்டதாகச் சொல்லும் ஆண்கள், அவற்றைக் கழுவுவது யார் என்று யோசிப்பதில்லை. பேருந்தில் கட்டணமில்லாப் பயணத்தை நான் மதிப்பது இதனால்தான். 2021இல் அது வந்தபோது இலவசம் என்று கேலிசெய்தார்கள். கணவனிடம் சில்லறை கேட்காமல் ஒரு பெண் பேருந்து ஏறலாம் என்பது என் கணக்கில் மருத்துவமனைப் பிரசவத்துக்கு நிகரான வாழ்க்கைத்தரம்.

பீகாரிடம் நாம் பார்க்க மறுப்பவை பற்றியும் சொல்லவேண்டும். பீகார் அரசின் பெண் ஊழியர்களுக்கு மாதவிடாய்க்காக மாதம் 2 நாள் சிறப்பு விடுப்பு 1992 முதல் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் வகுப்புகளில் இதைச் சொன்னால் மாணவிகள் நம்புவதில்லை, கேரளமா என்று திருப்பிக் கேட்கிறார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2006இல் முதலில் சட்டம் செய்தது பீகார். தமிழ்நாடு அதைச் செய்தது 2016இல். 2020 பீகார் தேர்தலில் 243 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு 26 பெண்கள் வென்றார்கள். 2021இல் 234 பேர் கொண்ட நம் சட்டமன்றத்துக்கு 12 பெண்கள். கணவன் பின்னாலிருந்து ஆட்டும் முகியாக்கள் அங்கே ஏராளம் என்பது தெரிந்ததுதான். நம் ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருப்பதையும் நாம் பார்க்காமலில்லை. இவற்றை வைத்துப் பீகாரை உயர்த்தவரவில்லை. நாட்டிலேயே மிக ஏழ்மையான ஒரு மாநிலத்தில் பெண்கள் கேட்டும் வாக்களித்தும் சிலவற்றைப் பெற்றிருக்கிறார்கள், அவர்களிடமிருந்து நாம் கற்க ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே நமக்கு எழாதபடி அந்த 'பிமாரு' செய்துவிட்டது என்கிறேன்.

ஒப்பிடும்போது இரு நிலங்களும் தனித்தனியே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பாலைத்திணையில் பொருள் தேடிப் பிரிபவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. பீகாரின் போஜ்புரி நாடகக் கலைஞர் பிகாரி டாக்கூரின் 'பிதேசியா'வும் அதையேதான் எடுத்துக்கொள்கிறது. கணவன் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிடுகிறான், மனைவி ஊரில் காத்திருக்கிறாள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை என்று நின்று போகிறது. அந்த ரயிலில் வந்து இறங்குகிறவர்களில் இன்று தலைவிகளும் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இருபது வயதுகூட நிறையாத பெண்கள், தையல் பயிற்சி முடித்த சான்றிதழோடு, கூட்டிவருபவரின் தொலைபேசி எண்ணை மட்டும் நம்பி வருகிறார்கள். தொல்காப்பியர் இவர்களுக்குத் துறை வகுக்கவில்லை.

இவர்கள் வந்து நிரப்பும் இடம் முன்பு யாருடையது? நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டுக்கு விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். எதிர்ப்பு வலுத்தது, வழக்குகள் வந்தன. பெண்பிள்ளைகள் கல்லூரிக்கும் போகத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரிச் சேர்க்கை நம் வாழ்க்கைத்தரத்தின் பெருமைக்குரிய வரி. ஆலைகள் மூடவில்லை, ஆள் தேடி வடக்கே போயின. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் கூட்டத்தில் இவளும் இருக்கிறாள்.

வாழ்க்கைத்தரம் அளக்கும் கணக்கெடுப்புகள் வீடுகளைத் தேடிப்போகின்றன. ஆலை விடுதி வீடல்ல. எட்டுப் பேர் படுக்கும் அறையில் இவளுக்கு இரத்தசோகை இருக்கிறதா, மேற்பார்வையாளர் என்ன பேசினார் என்று கேட்க எந்தக் கேள்வித்தாளும் போவதில்லை. ஊரில் இவள் பெயர் வெளியூர் போனவர்கள் பட்டியலில். இவள் அனுப்பும் பணத்தில் தங்கை பத்தாம் வகுப்பைத் தாண்டினால் பீகாரின் 28.8 கொஞ்சம் உயரும். இவள் தைத்த பனியன் தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் சேரும்.

2021இல் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையொன்றில் வேலைபார்த்த தலித் பெண் தொழிலாளி ஒருவர் அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டபிறகு, பெண்கள் முன்னின்று நடத்திய தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனத்தோடும் ஓர் ஒப்பந்தத்துக்கு வழிசெய்தது. பாலியல் துன்புறுத்தலைத் தொழிலாளிகளே கண்காணித்துப் புகார்செய்யவும், புகார்செய்தவர் பழிவாங்கப்படாமல் இருக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். சாதியையும் சேர்த்துப் பேசிய ஒப்பந்தம் அது. புலம்பெயர்ந்து வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அது கையெழுத்திட்ட ஆலைகளுக்கு மட்டும்.

கையெழுத்திடாத வேறொரு ஆலைக்குக் கடந்த ஆண்டு மாணவிகளோடு போயிருந்தேன். உணவுக்கூடத்துக்கு வெளியே, பெண்கள் யாரிடம் எப்படிப் புகார் கொடுக்கலாம் என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். தமிழில் எழுதியிருந்தது, நல்ல தமிழ், பிழையில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் தங்களுக்குள் இந்தியிலும் ஒடியாவிலும் சந்தாலியிலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.